போன சேறு எங்கே

ஞானசேகரனுக்குக் குடிப் பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. கேள்வி கேட்கும் பழக்கம்தான் உண்டு. அதுவும் ஒரே கேள்வி: "அது எங்க போவுது?" பட்டாபிராமில் சரக்கு வண்டி மிலிட்டரி சைடிங் பக்கம் ஒதுங்கினால் கேட்பார். மழை பெய்து தெருவில் நின்ற தண்ணீர் மறுநாள் காலையில் காணாமல் போனால், மற்றவர்கள் விட்டது சனி என்று வேலைக்குக் கிளம்புவார்கள். இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அது வடிந்த ஓட்டையைத் தேடிக்கொண்டு நிற்பார். "ஊட்ல சிலிண்டர் தீந்துபோச்சு. அது எங்க போச்சுன்னு மட்டும் இந்த மனுசன் கேக்க மாட்டாரு" என்பாள் அவர் மனைவி கனிமொழி.

ஊரிலேயே பழைய விவசாயக் குடும்பம். சிறு வயதில் வயல்கிணற்று டீசல் பம்பின் குழாய் வாயை உள்ளங்கையால் பொத்திப் பார்ப்பதுதான் அவருக்கு விளையாட்டு. பொத்தினால் இஞ்சின் திணறும். கையை எடுத்தால் தண்ணீர் சாதுவாகக் கொட்டும். அதே இஞ்சின், அதே தண்ணீர், கையை வைத்ததும் இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு அப்பா முதுகில் ஒன்று வைத்தார். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலேயே பையன் வளர்ந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் பழுது பார்க்கும் பட்டறைக்குப் போனார். அப்புறம் போர்வெல் லாரியில் ஏறி ஆந்திராவும் கர்நாடகாவும் சுற்றினார். அவர் லாரியில் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில்தான் வயல் மனைகளாயிற்று. அண்ணன் கோவிந்தன் கல் நட்டு, தெரு விட்டு, பூங்காவுக்கு இடம் ஒதுக்கி, ஒவ்வொன்றாக விலை பேசி முடித்தார். ஞானசேகரன் திரும்பி வந்தபோது கையெழுத்துப் போடுவதற்குத்தான் வேலை இருந்தது.

இப்போது அவர் இருப்பது தெருவை வெட்டாமல் குழாய் பதிக்கும் ஒரு குழுவில். சிமென்ட் சாலையை உடைக்கக் கூடாது, ஆனால் அடியில் குடிநீர்க் குழாய் போக வேண்டும் என்றால் இவர்களைக் கூப்பிடுவார்கள். எந்திரம் தெரு முனையில் சாய்ந்து நின்றுகொண்டு இரும்பு ராடுகளை ஒன்றோடு ஒன்று திருகித் தரைக்குள் படுக்கைவாக்கில் செலுத்தும். அதை ஓட்டுகிறவர் தட்சிணாமூர்த்தி. பக்கத்திலே டேங்கில் பெண்டோனைட் என்கிற களிமண் மாவைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் கூழைப் பம்ப் போட்டு ராடுகளின் உள்வழியே தள்ளுகிறவர் ஞானசேகரன். கூழ் ராடு நுனியில் மண்ணைக் குடையும் பிட்டின் சின்ன துவாரத்தில், நாசில் என்பார்கள், சீறிக்கொண்டு வெளியேறி மண்ணைக் கரைக்கும். பிறகு ராட்டுக்கும் துளைச் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்து வழியாக, கரைத்த மண்ணைச் சுமந்துகொண்டு புறப்பட்ட குழிக்கே திரும்பி வரும். அதற்கு ரிட்டர்ன் என்று பெயர். ரிட்டர்ன் வருகிறவரைக்கும் எல்லோரும் பீடி பிடிக்கலாம். ரிட்டர்ன் நின்றால் பீடியைக் கீழே போட வேண்டும்.

இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஞானசேகரனுக்குப் பழைய வியாதி தலைதூக்கியது. பம்பில் பிரஷர் காட்டும் கேஜ் முள் விறைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த வேகத்தோடு உள்ளே போன கூழ், குழிக்குத் திரும்பும்போது மதியச் சாப்பாடு முடித்த குமாஸ்தா மாதிரி நடந்து வருகிறது. நடுவில் அவ்வளவு பிரஷரும் எங்கே போயிற்று? தட்சிணாமூர்த்தியைக் கேட்டார். "உனுக்கு இன்னா மாமே, சம்பளம் வருதில்ல?" என்றார் அவர். சைட் இஞ்சினியர் கிருஷ்ணப்பிரியாவைக் கேட்டார். சேலத்துப் பெண், பட்டாபிராமில் வாடகைக்கு இருப்பவள். கேள்வி கேட்டால் முகம் சுளிக்காத ஜாதி.

"ஞானம் அண்ணா, பம்ப் பிரஷரை உண்டாக்கறதில்ல. கூழைத் தள்ளுது, அவ்வளவுதான். வழியில தடுக்கறது எதுவோ அதுதான் பிரஷர். நீங்க குழாயைக் கையால பொத்தியிருப்பீங்க இல்ல?"

ஞானசேகரனுக்கு முதுகில் பழைய அடி ஒருமுறை சுரீர் என்றது. "பொத்திகீறேன் மேடம்."

"அதேதான். அப்புறம் அது செலவாகறது எப்படின்னா, சென்ட்ரல்ல கிளம்புற லோக்கல் டிரெயின் மாதிரி. கிளம்பும்போது மூச்சு விட இடமிருக்காது. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். அது ராட்டுக்குள்ள உரசலுக்குப் போறது. அம்பத்தூர்ல ஒரு பெரிய கூட்டம் மொத்தமா இறங்குமில்ல? அதுதான் நாசில். அதுக்கப்புறம் உக்காந்து போற கூட்டம்தான் திருநின்றவூர் வரைக்கும். அந்த மிச்சத்தை வெச்சுத்தான் சேத்தைத் தூக்கிட்டு வெளிய வருது."

அன்று சாயங்காலம் ஞானசேகரன் வீட்டுக்குப் போய்க் கனிமொழியிடம் இதைச் சொன்னார். சிறு வயதுக் கேள்விக்கு இத்தனை வருடம் கழித்துப் பதில் கிடைத்த சந்தோஷத்தில் இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டார். அவருக்குக் கல்வியில்லாத குறை இருந்ததோ என்னவோ, விளங்காத குறை அன்றோடு ஒன்று தீர்ந்தது.

இதெல்லாம் முன்கதை. போன ஆவணி மாதம் அவர்கள் குழாய் பதிக்க வந்த இடம் ஞானசேகரனின் பழைய வயல்தான். இப்போது அங்கே நாலு தெரு, இரண்டு மளிகைக் கடை, ஒரு பிள்ளையார், வண்டி நிறுத்த இடமில்லாமல் ஒரு தினசரிச் சண்டை எல்லாம் இருக்கின்றன. துளை போடுவதற்கு முன்னால் ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்து விசாரிப்பது இந்தத் தொழிலில் வழக்கம். வரைபடத்தில் சாக்கடை இருக்கும், கேபிள் இருக்கும். தூர்த்த கிணறு எந்த வரைபடத்திலும் இருக்காது. இந்தத் தடவை ஊர்க்காரரே குழுவில் இருந்ததால் கிருஷ்ணப்பிரியா அவரையே கேட்டாள்.

"கெணறு ஒண்ணு இருந்துச்சு மேடம். பெரிய கெணறு. ஆனா அது பார்க்குல கீது. நடுவுல வட்டமா பூச்செடி வெச்சுகிறாங்க பாரு, அதான். எங்கண்ணன் சொன்னாரு."

எதையும் நோண்டிப் பார்க்கும் மனுஷன் இதை மட்டும் நோண்டவில்லை. அண்ணன் சொன்னதைத் திருப்பிக் கேட்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. அதோடு அவர் அந்த மண்ணை வயலாகப் பார்த்துப் பல வருடமாகியிருந்தது. வயலில் வரப்பை வைத்து அடையாளம் சொல்லலாம், வாட்டர் டேங்கும் கேட்டும் முளைத்த இடத்தில் எதை வைத்துச் சொல்வது? கிருஷ்ணப்பிரியா பூங்காவைத் தவிர்த்துக் கோடு போட்டாள். எந்திரத்துக்குக் கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வேலையை ஆரம்பித்தார்கள்.

முற்பகல் வரை ரிட்டர்ன் ஒழுங்காக வந்தது. சாம்பல் நிறக் களி. பிறகு அதிலே சிவப்புச் சிவப்பாகத் தூள் வர ஆரம்பித்தது. ஞானசேகரன் குழியில் கையை விட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். செங்கல். ஆள் உயரத்துக்கும் கீழே செங்கல் எங்கிருந்து வரும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே குழியில் கூழ் இறங்க ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தால் டேங்கிலும் மட்டம் விறுவிறுவென்று இறங்குகிறது. போவது போய்க்கொண்டே இருக்கிறது, வருவது நின்றுவிட்டது.

"நிறுத்து தட்சணா!" என்று கத்தினார்.

"ராடு ஓட்டையா பூட்ச்சா மாமே?" என்றார் தட்சிணாமூர்த்தி. அவருடைய பயம் அவருக்கு. ராட்டின் மரையில் ஓட்டை விழுந்து, அதைக் கவனிக்காமல் ஓட்டினால், ராடு இரண்டாக முறிந்து பிட்டு தெருவுக்கு அடியிலேயே தங்கிவிடும்.

கிருஷ்ணப்பிரியா ஓடி வந்தாள். ஞானசேகரன் கேஜைக் காட்டினார். "பம்பைக் கொஞ்சம் ஓட்டிப் பாத்தேன் மேடம். முள்ளு துளிதான் எறங்கிச்சு. ராடு ஓட்டையா இருந்தா தொபுக்குனு விழணுமே?"

"ஆமா, விழணும். வழியிலேயே குறுக்குவழி கிடைச்சா யாரும் நாசில் வரைக்கும் போக மாட்டாங்க." அவள் டேங்கைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள். "முள் நிக்குதுன்னா அம்பத்தூர்ல கூட்டம் இன்னும் இறங்கிட்டுத்தான் இருக்கு. பம்பும் சரி, ராடும் சரி, நாசிலும் சரி. அதுக்கப்புறம் திருநின்றவூர் போக வேண்டிய ஆளுங்கதான் காணோம்."

"பின்ன அவங்க எங்க போனாங்க?"

"நிலத்துக்குள்ள ஏதோ பெரிய பொந்து இருக்கு அண்ணா."

தரைக்கடியில் கூழ் காணாமல் போனால் மேலே எங்காவது பொங்குகிறதா என்று தெருவைச் சுற்றிப் பார்ப்பார்கள். பார்க்கக் கிளம்புவதற்குள் பதில் தானாகவே வந்தது. மூலை வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். ஷர்மிளா. கணவர் ஜெகதீஷ் சிறுசேரிப் பக்கம் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர்; இவள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். கையில் கரண்டி.

"அண்ணா, எங்க கிச்சன்ல தரையிலேர்ந்து மாவு மாதிரி ஏதோ வருது. முதல்ல நான் இட்லி மாவு பொங்கிடுச்சுன்னு நெனச்சேன். மாவுப் பாத்திரம் ஃபிரிட்ஜுல இருக்கு."

ஞானசேகரனும் கிருஷ்ணப்பிரியாவும் அவள் பின்னாலேயே உள்ளே போனார்கள். தெருவை ஒட்டிய அக்னி மூலையில் சமையலறை. டைல்ஸ் விரிசலில் சாம்பல் நிறக் கூழ் கொப்புளம் கொப்புளமாக வந்துகொண்டிருந்தது. விரிசல் புதியது இல்லை. அடுப்பு மேடையே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"இது எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேட்டாள் கிருஷ்ணப்பிரியா.

"குடி வந்த வருஷத்துலேர்ந்தே. ஒவ்வொரு மழைக்கும் இறங்கும். கொத்தனார் மூணு பேர் மாறிட்டாங்க. ஒருத்தர் எலி வளைன்னாரு. ஒருத்தர் சிமென்ட் சரியில்லைன்னாரு. எங்க மாமியார் நான் வலது காலை வெச்சு வரலைன்னாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை.

ஞானசேகரன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். நேராக வரும் மழைநீர்க் கால்வாய் இந்த வீட்டு வாசலில் மட்டும் முழங்கை மாதிரி மடங்கிப் போகிறது. காலையிலேயே அதைப் பார்த்து, ஏன் மடங்குகிறது என்று யோசித்திருந்தார். இப்போது விளங்கியது. அது கால்வாயே இல்லை. பழைய பாசன வாய்க்கால். பம்ப் குழாயிலிருந்து தண்ணீர் விழுந்து, திரும்பி, வயலுக்கு ஓடிய இடம் அது. குழாய் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவர் நின்ற இடத்தில் இன்றைக்கு ஒரு கிரைண்டர் இருந்தது.

குழாய் பதிக்கப் போனால் கிணறு கிளம்புகிறது. அதுவும் பங்காளி வீட்டுக் கிணறு இல்லை, சொந்தக் கிணறு.

"ஒரு நிமிசம் மேடம்" என்று வெளியே வந்து போன் போட்டார்.

"அண்ணே, கெணறு எங்க கீது?"

"எந்தக் கெணறு?" என்றார் கோவிந்தன்.

"நமக்கு எத்தினி கெணறு இருந்துச்சு?"

"அதான் பார்க்குல..."

"பார்க்குல இல்ல. அந்த மூலை ஊட்டு அடுப்படில சேறு வந்துகினு கீது."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத நைனா. கெணறு தூத்த மனைன்னா எவன் வாங்குவான்? தூத்த பாவம் வேற நம்ம தலையில. மழைக்கு முன்ன, கட்டட இடிசலைக் கொட்டி ஒரே மூச்சுல தூத்துட்டேன். அப்பால கேக்குறவங்களுக்குப் பார்க்கைக் காட்டிட்டேன். அந்தப் பொண்ணு என்னை அண்ணான்னு கூப்புடுது சேகரு. பொங்கலுக்கு எங்க ஊட்டுக்குப் பாத்திரத்துல குடுத்தனுப்புது. அது மூஞ்ச எப்டிப் பாப்பேன்? பாறைன்னு சொல்லு, பொந்துன்னு சொல்லு, கூழைக் கெட்டியாப் போட்டு அடைச்சுட்டு ஆவுற வேலையப் பாரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். கோவிந்தன் ஒரு முழுக் கிணற்றையே பூச்செடியில் மறைத்திருந்தார். அதைவிட வேடிக்கை, ஊரெல்லாம் கேள்வி கேட்டுத் திரியும் தம்பி அதை அப்படியே நம்பியிருந்தார்.

உள்ளே கிருஷ்ணப்பிரியா காத்திருந்தாள். "ஞானம் அண்ணா, உங்க கிட்டத்தான் கேக்கணும். இது லேசா கொட்டின மண்ணா இருந்தா, கூழைக் கெட்டியாக்கி, மரத்தூள் கலந்து அடைச்சுட்டுப் போயிடலாம். வேற ஏதாவதுன்னா இந்தப் பக்கம் பம்பைத் தொடவே கூடாது. நம்ம கூழ் உள்ள இருக்கறதை இன்னும் கரைச்சிரும். ஒரு மழையில அடுப்பு மேடையோட ஆளும் உள்ள போகலாம். இங்க என்ன இருந்துச்சு?"

அண்ணன் சொன்னபடி சொல்வதற்கு வசதியாக அவளே வழி விட்டிருந்தாள். மரத்தூள் போட்டு அடைத்தால் சாயங்காலத்துக்குள் ரிட்டர்ன் வந்துவிடும். கேஜ் முள்ளும் நல்ல பிள்ளையாக நிற்கும். அண்ணன் மானம் பிழைக்கும். ஷர்மிளா நாலாவது கொத்தனாரைத் தேடுவாள். ஞானசேகரன் அந்தச் சாய்ந்த மேடையைப் பார்த்தார். மேடைக்கு அடியில் ஒரு முக்காலி. முக்காலி மேல் குழந்தையின் பென்சில் பாக்ஸ். சமைக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள் போலிருக்கிறது.

"கெணறு மேடம்" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "எங்க கெணறு. இங்கதான் இருந்துச்சு. நான் காலைல சொன்னது தப்பு." ஷர்மிளா பக்கம் திரும்பி, "எங்கண்ணன்தாம்மா தூத்தாரு. உங்களுக்குச் சொல்லாம வித்துட்டாரு" என்றார்.

அழுவாள் என்று எதிர்பார்த்தார், அல்லது கத்துவாள். ஷர்மிளா கரண்டியை மேடைமேல் வைத்தாள். குனிந்து விரிசலை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்ப என் காலுல ஒண்ணும் இல்ல" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள்.

வேலை நின்றது. கிருஷ்ணப்பிரியா ஆபீசுக்குப் பேசினாள். குழாய் எதிர்ப்பக்கம் போகட்டும் என்று கோட்டை மாற்றினாள். பொந்தைச் சிமென்ட் பால் விட்டு நிரப்ப முடியும், தங்கள் பம்பாலேயே மெல்ல மெல்ல விடலாம், ஆனால் அதற்குக் கிணற்றின் விளிம்பு எங்கே என்று சரியாகத் தெரிய வேண்டும் என்றாள். கண்ட இடத்தில் துளை போட்டால் இருக்கிற தரையும் போகும். ஞானசேகரனுக்கு வாய்க்கால் தெரிந்தது, குழாய் தெரிந்தது, விளிம்பு தெரியவில்லை. தெரிந்த ஆள் ஒருவர்தான்.

கோவிந்தன் வந்தார். போன் பண்ணி அழைத்தது ஞானசேகரன் இல்லை, ஷர்மிளா. என்ன சொல்லி அழைத்தாளோ, மனிதர் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, சாவு வீட்டுக்கு வருகிறவர் மாதிரி தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். தம்பியைப் பார்க்கவில்லை. வாசலில் செருப்பை விட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அதெல்லாம் அப்புறம் அண்ணா" என்றாள் ஷர்மிளா. கையில் கோலமாவுக் கிண்ணம் வைத்திருந்தாள். "விளிம்பு எதுவோ, அதுமேல நடங்க. நான் பின்னாலயே போட்டுக்கிட்டு வரேன்."

கோவிந்தன் தயங்கவே இல்லை. அதுதான் ஞானசேகரனைச் சுட்டது. டேப் இல்லை, கயிறு இல்லை, ஒரு தடவை நின்று யோசிப்பதுகூட இல்லை. காம்பவுண்டு கேட்டில் ஆரம்பித்து, தெருச் சிமென்டில் வளைந்து, துளசிச் செடியைச் சுற்றி, சமையலறை வாசல்படி ஏறி, கிரைண்டருக்கு இந்தப் பக்கமாக அவர் கால் போய்க்கொண்டே இருந்தது. பார்க்கைக் காட்டிய மனுஷனுக்கு விளிம்பு ஒவ்வொரு அடியும் மனப்பாடம். ஷர்மிளா குனிந்தபடியே அவர் காலுக்குப் பின்னால் மாவை விட்டுக்கொண்டு வந்தாள். அடுப்பு மேடை வந்ததும் அவர் நின்றுவிட்டார்.

"இதுக்கு அப்பால மேடைக்கு அடில போவுதும்மா" என்றார்.

அவள் நிமிர்ந்து, தான் போட்ட வட்டத்தைப் பார்த்தாள். பாதி தெருவில் இருந்தது. வீட்டுக்குள் இருந்தது சமையலறையில் ஒரு பக்கம் மட்டும்தான்.

"இவ்ளோதானா? வீடு முழுக்க அதுமேலதான் நிக்குதோன்னு பயந்துட்டேன்" என்றாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். "மனை பாக்க வந்த அன்னைக்கே இந்த வட்டத்தைக் காட்டியிருந்தா, நாங்க அப்பவும் வாங்கியிருப்போம் அண்ணா. சமையல்கட்டை வாயு மூலையில போட்டிருப்போம், அவ்ளோதான்."

கோவிந்தன், மாவு மிதிபட்டுவிடக் கூடாதே என்று காலைத் தூக்கித் தூக்கி வைத்து வெளியே போனார்.